இரண்டு ஆள் தூக்கும் பெட்டி

முரளி, கை உன் அண்ணியுடையது, பேச்சு என்னுடையது. எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த பக்கத்துக்குப் போகிறேன். அவள் எல்லைக்கு அந்தப் பக்கம் பள்ளிப்பட்டில் தமிழ் படித்த பெண், நல்ல பெண்தான். இருந்தாலும் நான் காரமாகச் சொல்வதில் அவள் தண்ணீர் ஊற்றிவிடுவாளோ என்று எனக்குச் சந்தேகம். இப்போதே ஒன்று பிடித்துவிட்டேன். "பொய் சொல்றான்" என்று நான் சொன்னதை "எதையோ மறைக்கிறாய் போலிருக்கிறது" என்று எழுதி வைத்திருந்தாள். கேட்டால், "மாமா, மஸ்கட்ல தனியா ஒக்காந்துகினு படிக்கிற புள்ளைக்கு அப்டியேவா எழுதறது?" என்கிறாள். சரி என்று விட்டுவிட்டேன். எது நான் சொன்னது, எது அவள் ஊற்றிய தண்ணீர் என்று உனக்குத் தெரியாமலா போகும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணியபோது பூத்துக்காரன் ஆள் விட்டுக் கூப்பிட்டான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய ஈரக் கையோடு ஓடினேன். நீ சந்தோஷமாகப் பேசினாய். ஹோட்டலில் கொடுத்திருக்கும் ஆம்ப், அதான் கிட்டார் சத்தம் வருகிற பெட்டி, சரியில்லை, கிட்டாரை மெதுவாகத் தொட்டாலும் இரைகிறது, அதை மாற்றிச் சொந்தமாக ஒன்று வாங்கப் போகிறேன் என்றாய். "கிளீன் டோன் கண்ணாடி மாதிரி கீது நைனா. ஒரு கம்பியத் தட்டினா அந்தக் கம்பி மட்டும்தான் கேக்குது. ஆனா செம வெய்ட்டு. ரெண்டு ஆளு புடிச்சாத்தான் தூக்க முடியும்" என்று பெருமையாகச் சொன்னாய். அப்புறம் பேச்சோடு பேச்சாக, "அங்க கெடக்கிற பெட்டிய யாருக்காவது வித்துடு நைனா. சும்மா ஏன் தூசி துன்னுகினு கெடக்கணும்?" என்றாய். ஊர் அம்மன் ஜாத்திரைக்கு வருகிறாயா என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றாய்.

நான் கால் ஓய்கிற வரைக்கும் சந்தையில் மாட்டுத் தரகு பண்ணியவன். "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்த எவனும் மறுபடி அந்த மாட்டின் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. பிடிக்காதவன் பல்லைப் பார்த்து, சுழியைப் பார்த்து, ஏதாவது குறை சொல்லிச் சண்டை போடுவான். அவனோடு பேசி வழிக்குக் கொண்டுவரலாம். "பாக்கலாம்" என்கிறவன் மனசுக்குள் எப்போதோ பஸ் ஏறிவிட்டவன். இன்னொன்றும் சொல்கிறேன். நீ பேசிக்கொண்டிருக்கும்போது உன் பின்னால் ஒரு குக்கர் விசில் அடித்தது. ஹோட்டல்காரர்கள் கொடுத்த ரூமில்தான் எல்லாரோடும் படுக்கிறேன், சாப்பாடும் ஹோட்டலிலேயே என்று சொன்னவன் நீ. குக்கர் யாருடையது? இதை வீட்டில் வந்து சொன்னால் உன் அம்மா, "பக்கத்து ரூமு குக்கரா இருக்கும். உங்க புத்தி சந்தப் புத்தி. பெத்த புள்ளையக்கூட வாயப் பொளந்து பல்லு பாக்கிற ஆளு நீங்க" என்று திட்டினாள். சந்தைப் புத்திதான். அதை வைத்துக்கொண்டுதான் உன்னையும் உன் அண்ணனையும் ஆளாக்கினேன்.

அது ஒரு பக்கம் இருக்கட்டும். பெட்டியைப் பற்றி முதலில் பேசுவோம். நீ அங்கே தனியாகக் கடைக்குப் போகப் போகிறாய், கூட நான் இல்லை. எனக்குப் பாட்டும் தெரியாது, கரண்டும் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விற்கிறவனைத் தெரியும். உன் கண் பெட்டி மேல் இருக்கும், என் கண் விற்கிறவன் மேல் இருக்கும். அப்படித்தான் நாம் இங்கே வாங்கினோம். அங்கே இரண்டு வேலையும் நீயேதான் செய்யவேண்டும்.

உன் முதல் ஆம்ப் ஞாபகம் இருக்கிறதா? கலைந்துபோன ஏதோ ஒரு ஆர்கெஸ்ட்ராவிடம் நீ எனக்குத் தெரியாமல் வாங்கிவந்தது. வடமாலபேட்டை பக்கம் கல்யாண ரிசப்ஷன்களில் டிரம்மும் கீபோர்டும் போடுகிற கூச்சலில் அதன் வண்டவாளம் வெளியே தெரியவில்லை. திருப்பதியில் அந்தப் புது ஏசி ஹோட்டல் திறந்து, சாப்பிடுகிறவர்களுக்கு மெல்லிசாக கிட்டார் வாசிக்க உன்னைக் கூப்பிட்டபோதுதான் குட்டு உடைந்தது. மேனேஜர் எல்லார் எதிரிலும், "கிட்டார் வாயிஸ்தாவா, அப்படாலு வேயிஸ்தாவா?" என்று கேட்டானாம். கிட்டார் வாசிக்கிறாயா, அப்பளம் பொரிக்கிறாயா என்று. நல்ல சத்தம் வருகிற பெட்டியோடு வந்தால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று சொல்லி அனுப்பிவிட்டான். நீ அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். உன் அம்மா அப்பளம் வைத்த தட்டை நீ தள்ளிவிட்டதையும், விஷயம் தெரியாமல் அவள் "உப்பு ஜாஸ்தியா?" என்று கேட்டதையும் நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. உனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த நாளே திருப்பதிக்குப் போனோம். கண்ணாடிக் கதவு போட்ட கடை. உள்ளே ஊதுபத்தி, குளிர் காற்று, வரிசையாகச் சிவப்பு விளக்கு எரிகிற பெட்டிகள். அதற்கு முந்தி இந்த மாதிரிக் கடையெல்லாம் மெட்ராஸில்தான். திடீரென்று தெருவுக்குத் தெரு வெளிநாட்டுப் பெட்டி இறங்கிய காலம் அது. கடைக்காரன் நம்மைப் பார்த்ததும் என் வேட்டியை ஒரு தடவை பார்த்தான், அப்புறம் உன்னிடம் மட்டும் பேசினான். "ரா பாபு, கூர்ச்சோ" என்று உட்காரவைத்து, ஒரு பெட்டியைப் போட்டு, கிட்டாரை அவனே எடுத்துத் தட்டினான். சத்தம் குகைக்குள்ளிருந்து வருகிற மாதிரி உருண்டு உருண்டு வந்தது. உன் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிட்டது. ஏனென்றால் சந்தைக்கு மாடு ஓட்டிவருகிறவன் முந்தின நாள் சாயங்காலம் பால் கறக்கமாட்டான். மடியைக் கட்டிவிடுவான். காலையில் பார்த்தால் மடி பானை மாதிரி தொங்கும், வாங்குகிறவன் மயங்கிவிடுவான். எதுவும் அளவுக்கு மேல் நிறைந்து தெரிந்தால் எனக்கு நேற்றைய பால் ஞாபகம் வரும்.

"இந்தக் கொகச் சத்தம் எந்தத் திருவுலேர்ந்து வருது?" என்று கேட்டேன். நீதான் காட்டினாய், எக்கோ என்று. "அத்த மூடு" என்றேன். கடைக்காரனுக்குப் பிடிக்கவில்லை. "அது இருந்தாத்தான் அழகு, பெத்தாயனா" என்று பெரியவர் பட்டம் கொடுத்துச் சொன்னான். "அழக அப்புறம் போட்டுக்கலாம். மொதல்ல மூஞ்சி கழுவிக்கினு வரச் சொல்லு" என்றேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். ஆனால் எக்கோவை மூடி, மற்ற திருகுகளையும் நடுவில் நிறுத்திவைத்து நீ வாசித்தபோது சத்தம் பாதியாகச் சுருங்கிப்போனது. அடியில் சன்னமாக ஒரு சீற்றம் கேட்டது. அதற்கும் கடைக்காரன் பதில் வைத்திருந்தான். கடை லைன் அப்படியாம், வீட்டில் வராதாம். நான் பெட்டியை அப்படியே ஓடவிடச் சொல்லி, சாப்பிட்டுவிட்டு வருகிறோம் என்று உன்னை இழுத்துக்கொண்டு போனேன். ஒரு வேளை கறந்ததைப் பார்த்து மாடு வாங்கக்கூடாது, அடுத்த வேளையும் நின்று பார்க்கவேண்டும். திரும்பி வந்தால் பெட்டியின் விளக்கு அணைந்திருந்தது. "சூடாயிடும்னு ஆஃப் பண்ணேன்" என்றான். "சூடானா இன்னா ஆவும்?" என்றேன். ஒரு துணியை எடுத்துப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தான். "வாடா" என்று கிளம்பிவிட்டேன்.

பஸ் புத்தூர் தாண்டியதும் நீ என்னைப் பிடித்துக்கொண்டாய். "எந்தக் கடையில நைனா வாங்காத பொருள அவ்ளோ நேரம் ஓடவுடுவான்? நீ எல்லாரையும் திருடன்னு நெனச்சிக்கினே பாக்கற" என்றாய். "எல்லாரும் திருடன் இல்ல. யாரு திருடன்னு தெரியற வரைக்கும் எல்லாரையும் பாக்கணும்" என்றேன். அந்தப் பெட்டி நல்ல பெட்டியாகவே இருந்திருக்கலாம். எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் விளக்கை அணைத்த அந்தக் கையை நான் மறக்கவில்லை.

அப்புறம்தான் சித்தூர். உன்னோடு கீபோர்டு வாசித்த பையன் சொன்ன வீடு. அந்த வீட்டம்மாவின் மகன் கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போய்விட்டான், அவனுடைய பெட்டி விலைக்கு இருக்கிறது என்று. கறுப்பாக, அடக்கமாக, ஒரு மூலை தேய்ந்த பெட்டி. மேலே பூப்போட்ட துணி போர்த்தியிருந்தது. நாம் செருப்பைக் கழற்றி உள்ளே போவதற்குள் அந்தம்மா, "முன்னாடியே சொல்லிடறேங்க. கடைசித் திருகத் திருப்பினா கரகரன்னு ஒரு சத்தம் வரும். அப்புறம் சரியாயிடும்" என்றாள். நான் உஷாராகிவிட்டேன். தானாக வந்து சின்னக் குறை சொல்கிறவன் பெரிய குறையை மறைக்கிறான் என்பது சந்தையில் நான் நாள்தோறும் பார்த்தது. கால் நொண்டுகிற மாட்டை விற்கிறவன், "காதுல ஒரு கிழிசல் கீதுங்க" என்றுதான் ஆரம்பிப்பான். அதனால் நான் அந்தப் பெட்டியை விடவில்லை. முதுகுப் பக்கம் குனிந்து மோந்து பார்த்தேன், தீய்ந்த வாசனை வருகிறதா என்று. பக்கவாட்டில் தட்டினேன். தூக்கி ஆட்டினேன். நீ, "நைனா, சும்மா இரு நைனா" என்று பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தாய்.

பெட்டியில் ஒன்றும் கிடைக்காததால் அந்தம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "நல்ல பெட்டின்னா ஏன் விக்கிறீங்க?" என்று கேட்டேன். கறக்கிற மாட்டை எவனும் சும்மா சந்தைக்கு ஓட்டிவரமாட்டான். வந்தால் காரணம் இருக்கும். "பையன் அங்க வேற வாங்கிட்டான்" என்றாள். "திரும்பி வந்தா இத்தக் கேக்கமாட்டாரா?" என்றேன். "வந்தா பாத்துக்கலாம்" என்றாள். "எப்ப வருவாரு?" அந்தம்மா துணியை மடித்துக்கொண்டே, "பாக்கலாம்னு சொல்லியிருக்கான்" என்றாள். நான் உன்னிடம் திரும்பி, கேட்டியா, பதில் ஒழுங்காக வரவில்லை என்பதுபோல் கண்ணைக் காட்டினேன். அந்தம்மாவின் பேச்சில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தேனே தவிர அவள் சொன்னது என்ன என்று நான் கேட்கவே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை பூத்தில் நின்றபோதுதான் அந்தம்மாவின் அந்த வார்த்தை என் காதில் விழுந்தது.

நீ வாசித்தாய். எக்கோ இல்லை, ஒன்றும் இல்லை. ஒரே ஒரு கம்பியைத் தட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாய். சத்தம் சன்னமாக எழுந்து, நடு வீட்டில் நின்று, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, அது முடிந்த இடத்தில் மின்விசிறி சுற்றுவது கேட்டது. சீற்றம் இல்லை, கிழிசல் இல்லை. அந்தம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். விற்கிறவன் தன் பொருள் எடுபட்டுவிட்டது என்று தெரிந்தால் அவன் உதட்டு ஓரத்தில் ஒன்று ஓடும். அது அவளிடம் ஓடவில்லை. "இன்னொரு தடவை வாசிப்பா" என்றாள், அவ்வளவுதான். நீ வாசித்தாய். என் சந்தேகம் அப்போதும் போகவில்லை, ஆனால் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் அலைந்துகொண்டிருந்தது.

விலை பேசும்போது நான் செய்த கூத்தை நீ மஸ்கட்டில் எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பாயோ. பழக்க தோஷத்தில் தோளிலிருந்த துண்டை விரித்து, அதற்கு அடியில் கையை நீட்டிவிட்டேன். சந்தையில் விலையை வாயால் சொல்லமாட்டோம், துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான். அந்தம்மா என் கையைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள், "என்னங்க, ஜோசியம் பாப்பீங்களா?" என்றாள். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அந்தம்மாவும் சிரித்தாள். அப்புறம் நீயே வாயால் விலை பேசி முடித்தாய்.

கிளம்பும்போதுதான் நடந்தது அது. கிட்டாரிலிருந்து பெட்டிக்குப் போகிற ஒயரை நீ சுருட்டி எடுத்துக்கொள்ளப் போனாய். அந்தம்மா, "அது வேண்டாம்பா, அது இருக்கட்டும். நீ வேற வாங்கிக்கோ" என்று உன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அந்த இடத்தில் என் சந்தேகம் எல்லாம் செத்துப்போனது. மாட்டை விற்கிற எவனும் கயிற்றைக் கொடுக்கமாட்டான். வாங்குகிறவன் தன் கயிற்றைக் கொண்டுவந்து கட்டி ஓட்டிக்கொண்டு போகவேண்டும், பழைய கயிறு விற்றவன் தொழுவத்திலேயே இருக்கும். மாடு போனாலும் தொழுவம் காலியாகிவிடக்கூடாது என்று. ஏமாற்றி விற்கிறவன் அந்தக் கயிற்றைப் பற்றி நினைக்கவேமாட்டான். எப்போது கை கழுவுவோம் என்று கயிறு, மணி, மூக்கணாங்கயிறு எல்லாவற்றையும் சேர்த்துத் தள்ளிவிடுவான். "தூக்குடா பெட்டிய" என்று உன்னிடம் சொன்னேன். நீ ஒரு ஆளாகத் தோளில் வைத்துத் தூக்கினாய். பஸ் கூரையில் போடவிடாமல் மடியில் வைத்துக்கொண்டே வந்தாய்.

பஸ்ஸில் நான் கயிறு விஷயத்தைச் சொன்னபோது நீ என்ன சொன்னாய் தெரியுமா? "அந்த ஒயர்ல ஒரு எடத்துல கட் ஆயிருந்துச்சி நைனா. கெட்ட ஒயரக் குடுக்க அவங்களுக்கு மனசு வரல. அவ்ளோதான்" என்றாய். இருக்கலாம். நீ கரண்டு தெரிந்தவன். ஆனால் கெட்ட ஒயரைக் குப்பையில் போடுவார்கள். அந்தம்மா அதைச் சுருட்டிய விதத்தை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

அந்தப் பெட்டிதான் உனக்கு ஹோட்டல் வேலையைக் கொடுத்தது. மேனேஜர் அப்பளத்தை மறந்துபோனான். அந்தச் சுத்தமான சத்தத்தைக் கேட்டுத்தான் திருப்பதிக்கு வந்திருந்த மஸ்கட் ஹோட்டல்காரன் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு உன் பக்கத்தில் வந்து நின்றான். மோந்து பார்த்து, தட்டிப் பார்த்து, துண்டு விரித்து, உன்னைக் கடல் தாண்டிக் கொண்டுபோகிற பெட்டியைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவன் நான்தான். கிளம்புகிற அன்றைக்கு நீ கிட்டாரை மட்டும் எடுத்துக்கொண்டாய். "ஆம்ப் அங்க குடுப்பாங்க நைனா. இது இங்கியே இருக்கட்டும், லீவுல வந்தா வாசிக்க வேணும்ல" என்றாய். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. ஏஜெண்ட், விசா, விமானம் எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான் இதை மட்டும் சந்தேகப்படவில்லை. பெட்டியை விட்டுவிட்டுப் போகிறவன் திரும்பி வருவான். உன் அம்மா மடித்த துணியை அதன் மேல் வைத்தால்கூட எடுத்துவிடுவேன்.

இப்போது நீ அதை விற்கச் சொல்கிறாய். நான் கோபமாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன். போகப் போகிற இடம் வேறு என்று நினைக்கிறவன் ஒரு ஆள் தூக்குகிற பெட்டியைத்தான் வாங்குவான். இரண்டு ஆள் தூக்குகிற பெட்டி ஒரு இடத்தில் வைத்தால் வைத்ததுதான். அதற்கு ஒரு வீடு வேண்டும், ஒரு மூலை வேண்டும். அப்புறம் எனக்கு இன்னொரு கேள்வி. அதன் ஒரு பக்கத்தை நீ பிடிப்பாய். மறுபக்கத்தை யார் பிடிக்கப் போகிறார்கள்? நான் இல்லை. மாடு முட்டி ஒடிந்து புத்தூரில் கட்டுப் போட்ட என் மணிக்கட்டு இப்போது குடத்தையே தூக்கமாட்டேன் என்கிறது. அந்தக் குக்கரை வைத்தவளா? அண்ணி எழுதாமல் என்னை முறைக்கிறாள். எழுது என்று சொல்லிவிட்டேன். அப்படி ஒருத்தி இருந்தால் சொல், முரளி. அவள் எந்த ஊர், எந்த பாஷை என்று நான் பல் பார்க்கப் போவதில்லை. உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். தெரியாமல் இருப்பதுதான் எனக்குச் சோறு இறங்கவிடாமல் செய்கிறது.

நீ சொன்னபடி நான் செய்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு இழுத்தேன். அந்தக் கீபோர்டு பையனிடமே சொல்லிவைத்தேன், நேற்று வடமாலபேட்டையிலிருந்து ஒரு பெண் வந்தாள். காலேஜ் படிக்கிறாள், கிட்டார் கற்றுக்கொண்டு பஜனைக்கும் கல்யாணத்துக்கும் வாசிக்கிறாளாம். கூட அவள் அப்பா, பஸ் கண்டக்டர். உள்ளே நுழைந்ததும் அந்த ஆள் என்ன செய்தான் தெரியுமா? பெட்டியின் முதுகுப் பக்கம் குனிந்து மோந்து பார்த்தான். உன் அண்ணி சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்கு ஓடிவிட்டாள். அந்தப் பெண், "நைனா, மானத்த வாங்காதே" என்று சொன்னது அப்படியே உன் குரல்.

நானே முந்திக்கொண்டு, "கடைசித் திருவத் திருப்பினா கரகரங்கும், அப்புறம் சரியாப்பூடும்" என்றேன். அந்த ஆளின் கண் சுருங்கியது. எனக்குப் புரிந்துவிட்டது, அவன் மனசில் இப்போது என்ன ஓடுகிறது என்று. "நல்ல பெட்டின்னா ஏன் பெரியவரே விக்கிறீங்க?" என்றான். சந்தையில் இந்தக் கேள்விக்கு நான் எத்தனை பதில் சொல்லியிருக்கிறேன். கல்யாணச் செலவு, தீவனம் கிடைக்கவில்லை, வீட்டில் ஆள் இல்லை. நேற்று அதையெல்லாம் விட்டுவிட்டேன். "பையன் மஸ்கட்ல வேற வாங்கறான்" என்றேன். "அப்போ இங்க வரமாட்டாரா?" என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை. நான் அந்தப் பெண்ணைப் பார்த்து, "நீ வாசிம்மா" என்றேன்.

அவள் ஒரு கம்பியைத் தட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். யார் சொல்லிக்கொடுத்தார்களோ. சத்தம் எழுந்து, நின்று, குறைந்து, முடிகிற வரைக்கும் உன் அம்மா முறத்தைக் கீழே வைக்காமல் நின்றாள். "கிளீனா கீது நைனா" என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். "இன்னொரு தடவ வாசி" என்று சொன்னது நான்தான்.

விலை முடிந்து பெட்டியைத் தூக்கும்போது அவள் ஒயரைச் சுருட்டினாள். உன் ஒயர், நீ நடு இடத்தில் சிவப்பு நூல் சுற்றிவைத்திருந்தாயே, அதுதான். "அது இருக்கட்டும்மா" என்று வாங்கிக்கொண்டேன். அவள் அப்பன் விடுவானா? "இன்னாங்க இது, பெட்டிய வித்துட்டு ஒயர வச்சிக்கிறீங்க? ஒயர்ல இன்னா கீது?" என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். "ஒயர்ல ஒண்ணும் இல்ல. பெட்டியப் பாத்துதான வாங்கின?" என்றேன். அவன் என்னைப் பார்த்தான், ஒயரைப் பார்த்தான், பெட்டியை இன்னொரு தடவை மோந்து பார்த்தான். அந்தப் பெண்தான், "நம்ம கிட்ட ஒயர் கீது நைனா, வா" என்று பெட்டியை ஒரு ஆளாகத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். நல்ல கை. பெட்டி வீணாகாது.

அதனால் உன் பெட்டிக்கு வருகிறேன். எக்கோவை மூடிப் பார். ஒரு கம்பியைத் தட்டிவிட்டு, முடிகிற வரைக்கும் காத்திரு. சூடாகும் வரை ஓடவிடு, கடைக்காரன் அணைத்தால் ஏன் என்று கேள். சத்தம் நீ சொன்ன மாதிரி கண்ணாடியாக இருந்தால், எத்தனை ஆள் தூக்கினாலும் அதையே வாங்கு. என்னை நினைத்துக்கொண்டு ஒரு ஆள் தூக்குகிற இளைத்த பெட்டியை வாங்காதே. ஆனால் அடுத்த போனில் ஜாத்திரையைப் பற்றி நான் கேட்கும்போது "பாக்கலாம்" என்று மட்டும் சொல்லாதே. வருகிறேன் என்று சொல், இல்லாவிட்டால் வரல நைனா என்று சொல். இந்த இடத்தை அண்ணியை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். தண்ணீர் ஊற்றவில்லை, நான் சொன்னபடியே இருக்கிறது.

பெட்டி இருந்த மூலையில் உன் அம்மா இன்றைக்கு அரிசி மூட்டையை நகர்த்தி வைத்துவிட்டாள். ஒயரைத் தொழுவத்துக்குக் கொண்டுபோய், விற்ற மாடுகளின் கயிறு தொங்குகிற ஆணியில் மாட்டியிருக்கிறேன்.